முப்பதாவது படம்

அந்த முதல் படம், அலுவலகத்தில் கழித்துப்போட்ட டெண்டர் அறிவிப்பின் பின்பக்கத்தில் நீலப் பால்பாயிண்ட் பேனாவால் வரைந்தது. ஒரு சிறுமி குடை பிடித்துக்கொண்டு, நமக்கு முதுகைக் காட்டியபடி போய்க்கொண்டிருக்கிறாள். பெரியவர்களின் குடை. ஒரு கம்பி உடைந்து அந்தப் பக்கம் மட்டும் துணி தொங்குகிறது. ரெட்டைச் சடையை மடித்து ரிப்பன் கட்டியிருக்கிறது, ஒன்று காதுக்கு மேலாகவும் மற்றது காதுக்குக் கீழாகவும். வலது கால் செருப்பின் வாரில் ஊக்கு குத்தியிருக்கிறது. "நல்லாருக்கு அண்ணி" என்று சொல்லிவிட்டு, கைப்பேசியில் படம் பிடித்து எங்கள் ஓவியக் குழுவுக்கு அனுப்பிவிட்டு, அடுப்படிக்குப் போய்க் குக்கரை இறக்கும்போதுதான் அந்தச் சடையை எனக்குத் தெரியும் என்பது உறைத்தது. ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாக அப்படிச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போன ஒரே பிள்ளை என் அண்ணன் மகள்தான். விடிவதற்குள் ரப்பர்த் தோட்டத்துக்கு ஓட வேண்டிய அவசரத்தில் அண்ணி போடும் சடை அது.

இதை எழுத உட்காரும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. யார் மேல் என்று நிதானமாகச் சொல்லப் பார்க்கிறேன். கடைசியில் அது என் மேல்தான் வந்து நிற்கும் என்று தெரியும். இருந்தாலும் வரிசையாகவே சொல்கிறேன்.

நாங்கள் நிக்கோபார் தீவுகளில் ஒன்றான கட்சாலில் பிறந்து வளர்ந்தவர்கள். எங்கள் பெற்றோர் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டு, அரசாங்க ரப்பர்த் தோட்டத்தில் வேலைக்காகக் கப்பலில் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள். அண்ணியும் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான அதே லயத்தில் நாலு வீடு தள்ளி இருந்தவர்தான். பதினேழு வயதிலிருந்து ரப்பர் மரத்தில் பால் வெட்டும் வேலை. கத்தியை ஒரு சாய்வில் வைத்து, மரத்துக்கு வலிக்காத ஆழத்தில், தோல் சுருள் சுருளாக விழ இழுத்துக்கொண்டே போக வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரம் கெட்டுவிடும், மேலாகப் போனால் பால் வராது. அண்ணியின் கை நடுங்கி நான் பார்த்ததில்லை. நான் படித்து, போர்ட் பிளேரில் ஓர் அரசு அலுவலகத்தில் கிளார்க் வேலைக்கு வந்துவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரு குவார்ட்டர்ஸ், ஒரு பூனை, ஞாயிற்றுக்கிழமைகளில் படம் வரையும் பழக்கம். அவ்வளவுதான் என் வாழ்க்கை.

அண்ணன் மகளை, எங்கள் பாப்பாவை, சுனாமி அலை கொண்டுபோனபோது அவளுக்கு எட்டு வயது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கரையோரத்தில் இருந்த நிக்கோபாரித் தோழி வீட்டில் கேக் வைத்திருக்கிறார்கள் என்று காலையிலேயே ஓடியிருக்கிறாள். அண்ணனும் அண்ணியும் மேட்டில் விறகுக்குப் போயிருந்தார்கள். தோழியும் இல்லை, அந்த வீடும் இல்லை, அந்தக் கரையே இல்லை. எங்கள் லயத்திலும் தண்ணீர் ஏறி எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போனது. பாப்பாவை ஒரே ஒரு தடவை போர்ட் பிளேருக்குக் கூட்டி வந்து ஸ்டுடியோவில் ஒரு போட்டோ எடுத்திருந்தார்கள். அது வீட்டு ஆல்பத்தில் இருந்தது. அப்போது நான் போர்ட் பிளேரில் காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். எனக்கு ஒரு பிரதி கேட்டிருக்கலாம். நான் அவளுக்கு அத்தை. கேட்கத் தோன்றவில்லை.

சில வருஷங்களுக்கு முன் அண்ணனுக்குக் குடலிறக்க ஆபரேஷன். கட்சாலில் வசதி இல்லை என்பதால் இருவரும் கப்பல் ஏறி என்னிடம் வந்தார்கள். இன்று நாளை என்று ஆபரேஷன் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. வேலை வேலை என்றே இருந்து பழகிய அண்ணிக்கு என் இரண்டு அறை வீட்டில் கூட்டிப் பெருக்கவும் ஒன்றும் மிச்சமில்லை. அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஓவியக் குழுவில் 'முப்பது நாள், முப்பது படம்' என்று ஆரம்பித்தார்கள். ஒவ்வொரு காலையும் வாட்ஸ்அப்பில் ஒரு சொல் வரும். அன்று படுக்கப் போவதற்குள் அந்தச் சொல்லை வைத்து ஒரு படம் வரைந்து அனுப்ப வேண்டும். ஒரு நாள்கூட விடக்கூடாது. குழுவை நடத்தியவர் ஓய்வுபெற்ற ஒரு பெரிய அதிகாரி. எல்லாரும் அவரை சார் என்றுதான் கூப்பிடுவோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். பங்களா வீடு, வெள்ளைச் சட்டை, எப்போதும் தாழ்ந்த குரல். கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாத மனிதர். அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆறாத எரிச்சல்.

"நீங்களும் வரைங்களேன் அண்ணி, பொழுது போகும்" என்று விளையாட்டாகத்தான் சொன்னேன்.

"தெனம் ஒண்ணுதானே?" என்றார். "நாங்க தெனம் முந்நூறு மரம் வெட்டுன ஆளுங்க. குடு அந்தப் பேனாவ."

முதல் நாள் சொல் குடை. இரண்டாம் நாள் சாவி. சணல் கயிற்றில் கோத்த சாவி ஒரு குழந்தையின் கழுத்தில் தொங்கியது, கழுத்தும் சட்டைக் காலரும் மட்டும். மூன்றாம் நாள் நாற்காலி. நாற்காலிக்கு அடியில் உட்கார்ந்து எதையோ தின்றுகொண்டிருக்கும் ஒரு பிள்ளையின் முழங்கால்கள், ஒன்றில் காய்ந்த புண். நான்காம் நாள் படகு, ஐந்தாம் நாள் நாய். என்ன சொல் வந்தாலும் அதற்குள் பாப்பா வந்துவிடுவாள். முதுகு, உள்ளங்கை, காது, தொங்கும் பாதங்கள். முகம் மட்டும் வரவே இல்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. அண்ணியும் சொல்லவில்லை. காலையில் நான் அலுவலகம் கிளம்பும்போது "இன்னைக்கு என்னா சொல்லு?" என்று கேட்பார். சொல்லிவிட்டுப் போவேன். மாலையில் வந்தால் சாப்பாட்டு மேசையில் கரண்டியை மேலே வைத்து, பறக்காமல் ஒரு தாள் இருக்கும். பதினைந்து வருஷத்துக்கு மேலாக அண்ணி வாயிலிருந்து பாப்பா என்ற சொல்லே வந்ததில்லை. அவர் அவளிடம் திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறார், நடுவில் நான் நிற்கக் கூடாது என்று மட்டும் அப்போது எனக்குத் தெரிந்திருந்தது. அந்தத் தெளிவு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

ஒரு காலையில் அண்ணியின் பாயைச் சுருட்டும்போது அடியில் கத்தையாகத் தாள்கள் கிடந்தன. எல்லாம் முகங்கள். பாதியில் நிறுத்தியவை, குறுக்கே கோடு இழுத்தவை, கண் மட்டும் பத்துத் தடவை வரைந்தவை. அண்ணி குளித்துவிட்டு வந்து நான் பார்ப்பதைப் பார்த்தார். கோபப்படவில்லை. தாள்களை வாங்கி அடுக்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"மூக்கு வருது தங்கச்சி. கண்ணும் வருது. வாயும் கிட்டத்தட்ட வந்துருச்சு. எல்லாத்தையும் ஒண்ணா சேத்தா வேற எவளோ வந்து நிக்கிறா."

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்கும் அந்த முகம் சரியாக நினைவில்லை என்பதை அவரிடம் சொல்ல எனக்குத் துணிச்சல் வரவில்லை.

"இதெல்லாம் போட்டோ புடிச்சு அனுப்பிறாத" என்றார். "அவங்களுக்குக் குடுக்குறது வேற. இது நானும் அவளும் கதைக்கிறது."

அந்தத் தாள்களை நான் அனுப்பவில்லை. அவ்வளவு யோக்கியம் எனக்கு இருந்தது. ஆனால் இரண்டு நாள் கழித்து சார் போன் செய்தார். "யே பச்சி கோன் ஹை?" யார் அந்தக் குழந்தை, எல்லாரும் கேட்கிறார்கள் என்றார். அலுவலக வராந்தாவில் நின்றுகொண்டு நான் சொன்னேன். எட்டு வயது, கேக், தோழி வீடு, போட்டோகூட இல்லை என்பது வரை. சொல்லும்போது என் குரல் தழுதழுத்தது. அது தழுதழுத்தது எனக்குப் பிடித்திருந்தது. அவர் மறுமுனையில் வெகுநேரம் பேசாமல் இருந்தார், அதுவும் பிடித்திருந்தது. இதுவரை என் படங்களைப் பற்றி இரண்டு வார்த்தைக்கு மேல் பேசாத மனிதர் அன்று என்னோடு அரை மணி நேரம் பேசினார். என் அண்ணியின் பிள்ளையைக் கொடுத்து அந்த அரை மணி நேரத்தை வாங்கிக்கொண்டேன். இதை வேறு எப்படி எழுதினாலும் பொய்யாகிவிடும்.

அதற்குப் பிறகு குழுவே மாறிப்போனது. அண்ணியின் படம் எப்போது வரும் என்று காத்திருந்து கும்பிடும் கைகளையும் அழும் முகங்களையும் அனுப்பினார்கள். காலையில் வரும் சொற்களும் மாறின. பொம்மை. காத்திருப்பு. காலடித் தடம். ஒரு நாள் 'லஹர்' என்று வந்தது. அலை. சாரை அப்போதே போனில் கூப்பிட்டு, இந்தச் சொல்லை மாற்றுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அவரிடம் அப்படிச் சொல்ல எனக்குக் கூச்சம், அவ்வளவுதான். அண்ணி வழக்கம்போலக் கேட்டார். நான் சொன்னேன். ஒரு நிமிஷம் என்னைப் பார்த்துவிட்டு, "சரி" என்றார். மாலையில் மேசையில் இருந்த படத்தில் கடல் இல்லை. அவிழ்த்துவிட்ட சடை. நாள் முழுக்கப் பின்னிக் கிடந்து நெளி நெளியாகிவிட்ட கூந்தல் முதுகில் பரவிக் கிடக்க, அதில் பெரியவள் ஒருத்தியின் விரல்கள் சிக்கெடுத்துக்கொண்டிருந்தன. அதைப் பார்த்து சார் குழுவில் குரல் பதிவாகப் பேசி அனுப்பினார். "பஹுத் டீப்" என்றார். ரொம்ப ஆழமாம். அந்தப் பதிவை நான் அழித்துவிட்டேன், ஆனாலும் காதில் இருக்கிறது.

அண்ணனுக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. முப்பதாம் நாள் மாலை ஒரு மண்டபத்தில் எல்லாருடைய படங்களையும் கண்காட்சியாக வைப்பதாகச் சொன்னார்கள். சட்டம் போட அசல் படங்கள் வேண்டும் என்று சார் கேட்டார். "திருப்பித் தருவாங்களா?" என்றார் அண்ணி. "தருவாங்க அண்ணி" என்று வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இருபத்தொன்பது படங்கள். முப்பதாவது சொல் மட்டும் சஸ்பென்ஸ், மேடையிலேயே சொல்லப்போகிறேன், உன் அண்ணியை அங்கேயே வரைய வைக்கலாம், முன்கூட்டிச் சொல்லிவிடாதே என்று சார் என்னிடம் தனியாகச் சொன்னார். என்ன சொல் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஏதாவது செய்ய வேண்டி வந்திருக்கும்.

அண்ணி அன்று என்னுடைய மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொண்டார். அண்ணனையும் ஆட்டோவில் மெதுவாக உட்கார வைத்துக் கூட்டிப்போனோம். வாசலிலேயே ஆள் உயர ஃபிளெக்ஸ் பேனர். குடை பிடித்த பாப்பாவின் முதுகு, கீழே இந்தியிலும் ஆங்கிலத்திலும் 'சுனாமி பறித்த மகள், ஒரு தாயின் முப்பது நாள்' என்று எழுதியிருந்தது. மற்றவர்கள் வரைந்ததெல்லாம் ஓர் ஓரத்தில் இருந்தன. அண்ணி பேனரின் முன் நின்று இந்தியை எழுத்துக் கூட்டிப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

மேடையில் ஒரு பெரிய வெள்ளைப் பலகை வைத்திருந்தார்கள். சார் மைக்கில் பேசினார், அதே தாழ்ந்த குரல். துயரம் கலையாகும்போது என்று என்னவோ ஆரம்பித்து, இன்றைய சொல் 'சேஹரா' என்றார். முகம். இருபத்தொன்பது நாளாக நம் சகோதரி தன் மகளின் முகத்தை வரையாமல் வைத்திருக்கிறார், இன்று இங்கே நம் எல்லார் முன்னிலையிலும் வரைவார் என்றார். கைதட்டினார்கள். யாரோ அண்ணியின் தோளைப் பிடித்து மேடைக்குக் கூட்டிப்போய் மார்க்கரைக் கையில் கொடுத்தார்கள். கூடமெங்கும் கைப்பேசிகள் உயர்ந்தன.

அண்ணி மூடியைத் திறந்தார். பலகையைப் பார்த்தார். மூடியைத் திரும்ப மாட்டினார். எல்லாத் தீவுக்காரர்களையும்போல அவருக்கும் இந்தியில் பேசுவது தண்ணீர்பட்ட பாடு. அவர் குரல் மைக் இல்லாமலே கேட்டது.

"சார், உங்க அம்மா இருக்காங்களா?"

சார் புன்னகையோடு, இல்லை, காலமாகிவிட்டார் என்றார்.

"அப்ப மொதல்ல அவங்க மொகத்த நீங்க வரைங்க. போட்டோ பாக்காம வரைங்க. இத்தன பேர் முன்னாடி. நான் கீழ உக்காந்து பாக்குறேன்."

மார்க்கரை அவர் முன் நீட்டிக்கொண்டே நின்றார். சார் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அண்ணியின் கை இறங்கவில்லை. கடைசியில் அவர் வாங்கவில்லை. அண்ணி மார்க்கரை மேடை விளிம்பில் வைத்துவிட்டு இறங்கி, சுவரிலிருந்து சட்டங்களைக் கழற்ற ஆரம்பித்தார்.

ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் கவிழ்த்து, பின்பக்கத்துச் சின்ன ஆணிகளை விரலால் மடக்கி, அட்டையை எடுத்து, தாளை உருவி மடியில் வைத்தார். பால் வெட்டிக் காய்த்த விரல்கள்தான், ஆனாலும் ஐந்தாறு சட்டத்திலேயே நகக்கண்ணில் ரத்தம் வந்துவிட்டது. யாரும் கிளம்பவுமில்லை, உதவவுமில்லை. அண்ணன் எழுந்து, தையல் போட்ட வயிற்றை ஒரு கையால் பிடித்தபடி போய் அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, சட்டங்களை அசையாமல் பிடித்துக்கொண்டார். சார் என்னிடம் வந்தார். "ஸம்ஜாவோ நா" என்றார். சீஃப் கெஸ்ட் வரப்போகிறார், நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும் என்றார். நான் போனேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, நான் போனேன்.

"அண்ணி, எல்லாரும் பாக்குறாங்க."

அவர் நிமிரவில்லை. "பாக்கத்தானே கூட்டியாந்த?" என்றார்.

அதற்குப் பிறகு என்னிடம் ஒரு கடுஞ்சொல் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் சேலையை மடித்து என் அலமாரியில் வைத்தார். அடுத்த கப்பலுக்கு டிக்கெட் கிடைத்தது, போய்விட்டார்கள். கப்பல்துறையில் அண்ணன் கையசைத்தார். அண்ணி பையை இடுப்பில் அணைத்துக்கொண்டு மேலே ஏறிப்போனார்.

மறுநாள் சாரின் வீட்டுக்குப் போனேன். குழுவிலிருக்கும் படங்களையெல்லாம் அழியுங்கள் என்றேன். டீ கொடுத்தார். ஒரு பாமரப் பெண்ணுக்கு நான் மேடை கொடுத்தேன், அவருக்கு அதைத் தாங்கத் தெரியவில்லை, காலம் போனால் நன்றி சொல்வார் என்றார். உங்களை யார் கேட்டார்கள் என்று கத்தினேன். என் வாழ்க்கையில் ஓர் அதிகாரியைப் பார்த்து நான் கத்தியது அதுதான் முதல் தடவை. அவர் அசையவில்லை. "நீதானே சொன்னாய்" என்றார். டீயைக் குடிக்காமல் வந்துவிட்டேன் என்பதைத் தவிர அன்று நான் சாதித்தது ஒன்றுமில்லை.

அந்தக் குடைப் படம் மட்டும் ஓயவில்லை. யார் யாருடைய கைப்பேசிக்கோ போய், மறுவருஷம் சுனாமி நினைவு நாள் நிகழ்ச்சிக்கான நோட்டீஸில் வந்தது. யார் வரைந்தது என்று இல்லை, யார் அந்தக் குழந்தை என்றும் இல்லை. எங்கள் அலுவலக நோட்டீஸ் போர்டிலேயே குத்தியிருந்தார்கள். காலையில் கையெழுத்துப் போட வந்தவள் அதைக் கிழித்துச் சுருட்டிப் பைக்குள் போட்டேன். பார்த்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அலுவலக அறிவிப்பைச் சேதப்படுத்தியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு மெமோ வந்தது. வருத்தம் தெரிவித்து நாலு வரி எழுதினால் முடிந்துவிடும் என்று சூப்பரின்டென்டென்ட் நல்ல மனதோடுதான் சொன்னார். நான் இரண்டு வரி எழுதினேன். 'படத்தில் இருப்பது என் அண்ணன் மகள். அவளை அங்கே மாட்ட அவள் அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை.' அந்தத் தாள் என் சர்வீஸ் ஃபைலில் இருக்கிறது. இருக்கட்டும்.

போன வருஷம் லீவு போட்டுக் கட்சாலுக்குப் போனேன். அதுவரை போனில் அண்ணனோடு மட்டும்தான் பேச்சு. மேட்டில் சுனாமிக்குப் பிறகு கட்டிக் கொடுத்த வீடு. நான் படியேறும்போது அண்ணி முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். தலைமுடி முக்கால்வாசி நரைத்திருந்தது. "வா தங்கச்சி, கப்பல் ஆட்டமா இருந்துச்சா?" என்றார், போன வாரம்தான் பார்த்ததுபோல. தேங்காய்ப்பால் விட்டு மீன் குழம்பு வைத்தார். சாப்பிட்டு முடித்து இருவரும் வாசலில் உட்கார்ந்திருந்தபோது நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். கப்பலில் இரண்டு நாளாக மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்த வார்த்தைகள். பாதியிலேயே கை காட்டி நிறுத்திவிட்டார்.

"அத விடு. நீ குடுத்த பேனாவாலதான் ஆரம்பிச்சேன், அதயும் நான் மறக்கல." காலடியில் கிடந்த ரப்பர்ச் சருகைப் பொறுக்கி முற்றத்தில் போட்டார். "முப்பதாவது படத்த வரைஞ்சிட்டேன்."

நான் திரும்பிப் பார்த்தேன்.

"இங்க வந்து ஏழெட்டு மாசம் கழிச்சு. ஒரு நாள் அரிசி பொடைச்சிட்டு இருந்தேன், அப்புடியே வந்துருச்சு. மொறத்த வச்சிட்டு ஓடிப்போயி வரைஞ்சேன். அவளேதான். உங்க அண்ணன் பாத்துட்டு வெளிய போயி உக்காந்துட்டாரு."

என் வாய் திறந்தது. என்ன கேட்கப்போகிறேன் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"ஒனக்குக் காட்ட மாட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. உப்பு கூடிப்போச்சா என்று கேட்பதுபோலச் சொன்னார். சொல்லிவிட்டு எழுந்து காய்ந்த துணிகளை எடுக்கப் போனார்.

நாலு நாள் அந்த வீட்டில் இருந்தேன். அவர் கிணற்றடிக்குப் போன ஒரு மத்தியான நேரம், அந்தப் படம் இருக்கும் என்று தோன்றிய அலமாரிக்கு முன்னால் போய் நின்றேன். பூட்டு இல்லை. கதவில் கை வைத்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திறக்கவில்லை. அதற்காக என்னைப் பாராட்டிக்கொள்ளவும் முடியவில்லை. ஏனென்றால் ஊர் திரும்பி இத்தனை மாதமாகியும், காலையில் பல் துலக்கும்போது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்காரும்போது, அந்தத் தாள் எப்படி இருக்கும் என்றுதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அன்று கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தவர்களை நான் திட்டாத நாள் இல்லை. என் கையும் இன்னும் இறங்கவில்லை.